ஓலையும் கல்லும் ஹீட் நம்பரும்

ஒரு பெரிய பணியை யார், எப்போது, எதைக்கொண்டு, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும், செய்தபின் அது சரியாக நடந்ததா என்று பார்ப்பது எப்படி என்பதையும், அப்பணியை முன்பின் அறியாத ஒருவரும் புரிந்துகொள்ளும்படி எழுதிவைப்பது தொழில்நுட்ப ஆவணம் எனப்படுகிறது. கணினி நிறுவனங்களும் இயந்திர ஆலைகளும் பெருகிய பிறகு வந்த வேலையாகவே இது பொதுவாகக் கருதப்படுகிறது. அதைத் திட்டமிடுவது குறித்தும் மேற்பார்ப்பது குறித்தும் வெளியாகும் நூல்களும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் பேசுகின்றன. ஆனால் பல தலைமுறைகள் நீடித்து, நூற்றுக்கணக்கானோரின் அன்றாடப் பணியை ஒழுங்குபடுத்தி, படையெடுப்பால் அறுந்து, மறுபடி தொடுக்கப்பட்டு, ஓலையிலிருந்து அச்சுக்கு வந்து சேர்ந்த ஓர் ஆவணத் திட்டத்தைக் காண விரும்புபவர், திருச்சிராப்பள்ளியில் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்துக்குப் போனால் போதும். அந்த ஆவணத்தின் பெயர் கோயிலொழுகு.

பழைய ஆட்சி வழக்கில் ஒழுகு என்பது நிலத்தின் அளவு, எல்லை, உரிமை ஆகியவற்றைத் தொடர்ந்து பதிந்துவரும் ஏட்டைக் குறித்தது. திருவரங்கத்து ஒழுகு அதனினும் விரிந்தது. தருமவர்மன், கிளிச்சோழன் ஆகியோரைப் பற்றிய தலபுராணச் செய்திகளில் தொடங்கி, எந்த மண்டபத்தை யார் கட்டினார், எந்த ஊர் நிலத்தை யார் கொடுத்தார், எந்தத் திருநாளில் யாருக்கு என்ன மரியாதை, எந்தக் கைங்கரியம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று, தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில், பல நூற்றாண்டுகளாகப் பல கைகள் எழுதிச் சேர்த்த தொகுப்பு அது. அதற்கு ஒற்றை ஆசிரியர் இல்லை. எழுதி முடித்துவிட்டதாக எவரும் கையெழுத்திடவும் இல்லை. 1961-இல் அதனை வரலாற்றுக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் வெளியிட்ட வி.என். ஹரிராவ், அதிலுள்ள ஆண்டுக் கணக்கும் அரசர் வரிசையும் பல இடங்களில் கல்வெட்டுகளோடு பொருந்தாமையைச் சுட்டிக்காட்டினார், அக்குறை உண்மையானதே. ஆயினும் அரசர் வரலாற்றை நாடி அதைத் திறப்பவர் ஏமாறுவதற்கு, அது அதற்காக எழுதப்படவில்லை என்பதும் ஒரு காரணம். விடியற்காலையில் கதவு திறக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும், எதைக் கையில் ஏந்தியிருக்க வேண்டும் என்ற வகைக் கேள்விகளுக்கு விடை சொல்லவே அது எழுதப்பட்டது. அக்கேள்விகளை வைத்துக்கொண்டு படித்தால் அது வேறொரு நூலாகவே தோன்றுகிறது.

இந்நோக்கில் மிகக் கவனமாகப் படிக்கத்தக்கது உடையவர் திட்டம், அதாவது இராமானுசர் கோயில் நிர்வாகத்தைச் சீரமைத்ததைக் கூறும் பகுதி. மரபு அவருக்கு 1017 முதல் 1137 வரையிலான ஆயுளைச் சொல்கிறது. அவர் திருவரங்கத்துக்கு வந்தபோது கோயிற்சாவி பெரியகோயில் நம்பி என்பவர் வசம் இருந்தது. அவரது இசைவின்றிப் புதிய ஏற்பாடு எதுவும் செய்ய இயலாத நிலையில், தம் சீடர் கூரத்தாழ்வானை அனுப்பி, நம்பியின் மனத்தைப் பொறுமையாகக் கரைத்துச் சாவியைப் பெற்றார் என்றும், அந்த நம்பியே பின்னர் திருவரங்கத்தமுதனார் என்ற பெயரில் இராமானுச நூற்றந்தாதியைப் பாடினார் என்றும் குருபரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. ஆவண வேலையை மேற்கொண்டவர்கள் இச்செய்தியைப் பக்திக் கதையாக மட்டும் கடந்துபோக மாட்டார்கள். எந்த ஆலையிலும் எந்த அலுவலகத்திலும், முறை முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் ஒரு மூத்தவர் இருப்பார். அதை எழுதித் தரச் சொன்னால் தன் இடத்தையே எழுதித் தரச் சொல்வதாக அவருக்குப் படும். திட்ட அட்டவணையில் அவரோடு பேசுவதற்கென்று ஒதுக்கப்படும் நாள்கள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மிச்ச மாதங்கள் எல்லாம், அவர் சொல்லாமல் விட்டதை ஊகித்து எழுதுவதில் கழிகின்றன.

சாவி கைக்கு வந்தபின் இராமானுசர் செய்ததாக ஒழுகு கூறுவது, வைகானச முறைக்குப் பதிலாகப் பாஞ்சராத்திர ஆகமத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும், முன்பிருந்த பணிப்பிரிவுகளைப் பத்துக் கொத்துகளாக விரித்ததும் ஆகும். கொத்து என்பது ஒரே வகைப் பணிக்குரியவர்களின் தொகுதி. திருப்பதியார், திருப்பணி செய்வார், பாகவத நம்பிமார், உள்ளூரார், விண்ணப்பம் செய்வார், திருக்கரகக் கையார், தலத்தார், பட்டாள் கொத்து, ஆரியபட்டாள், தாசநம்பிகள் என்று அவை பெயரிடப்பட்டன. திருமஞ்சனத்துக்கு ஆற்றிலிருந்து நீர் சுமந்து வருபவர் திருக்கரகக் கையார். பிரபந்தத்தைப் பண்ணோடு பெருமாள் முன் பாடுபவர் விண்ணப்பம் செய்வாராகிய அரையர். வாயிலைக் காப்பவர் ஆரியபட்டாள், அவர்கள் காத்த வாயில் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. மலர்த்தோட்டமும் மாலையும் தாசநம்பிகள் பொறுப்பு. இவர்களோடு கைவினைஞரும் பிற ஊழியரும் தனித்தனிக் கொத்துகளாக வகுக்கப்பட்டனர்.

இந்தப் பகுப்பில் ஒரு முக்கியமான திட்டமிடல் முடிவு அடங்கியிருக்கிறது. இன்றைய இயந்திரக் கையேடுகள் பொருளை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. பம்புக்கு ஓர் அதிகாரம், வால்வுக்கு ஓர் அதிகாரம், மோட்டாருக்கு ஓர் அதிகாரம் என்று அவை செல்கின்றன, ஏனெனில் அவற்றை எழுதுவோர் கையில் இருப்பது வரைபடம், வரைபடம் பொருள்களால் ஆனது. உடையவர் திட்டமோ ஆளை வைத்துப் பிரிக்கப்பட்டது. ஒரு பணியாளர் ஆவணத்தைத் திறந்தால் தனக்குரிய பகுதியைத் தேட வேண்டியதில்லை. அவரது கொத்தின் பெயரே தலைப்பாக இருக்கிறது, அதன்கீழ் அவர் செய்ய வேண்டியதும் பெற வேண்டியதும் சேர்ந்தே நிற்கின்றன. கடமையையும் கூலியையும் ஒரே பத்தியில் எழுதிய இந்த ஏற்பாடு, நவீன நிர்வாகம் இரண்டையும் வெவ்வேறு துறைகளுக்குப் பிரித்து அனுப்பியதைக் காட்டிலும் அறிவுடையது என்று சொல்ல இடமுண்டு. ஒரு கொத்தின் கை விடும் இடத்தில் மறு கொத்தின் கை தொடங்க வேண்டும் என்பதும், பிணக்கு பிறப்பது எப்போதும் அந்த இடைவெளியில்தான் என்பதும், அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நடைமுறையில் கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் மரபு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஒருநாள் பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைக் கண்ட இராமானுசர், முந்தைய நாள் என்ன அமுது செய்விக்கப்பட்டது என்று விசாரித்து, தயிரன்னத்தோடு நாவற்பழமும் சேர்ந்ததை அறிந்து, அது ஒவ்வாது என்று கஷாயம் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்தாராம். தெய்வத்துக்குச் செரிமானக் கோளாறு என்பதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதற்குள் இருக்கும் வரிசை கவனிக்கத்தக்கது. அறிகுறியைக் கண்டு, நேற்று என்ன மாறியது என்று கேட்டு, காரணத்தைப் பிரித்தெடுத்து, பரிகாரத்தை ஒருநாள் செயலாக விட்டுவிடாமல் நித்தியப்படியில் சேர்ப்பது என்ற அவ்வரிசையை, கோளாறு நீக்கல் என்ற தலைப்பில் கையேடு எழுதுவோர் பலர் கடைசி இரண்டு பக்கங்களில் ஒப்புக்கு எழுதித் தீர்க்கின்றனர்.

ஓலையில் எழுதப்பட்டது இவ்வாறிருக்க, கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தகன் காலத்திலிருந்து தொடங்கும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், தமிழிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலுமாக நிற்கின்றன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியாக அச்சேறியுள்ளன. கல்லுக்கும் ஓலைக்கும் இடையே வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. மாறக்கூடாத ஒப்பந்தம், இத்தனை நிலம் அல்லது இத்தனை பொன் கொடுக்கப்பட்டது, அதன் வருவாயில் சந்திரசூரியர் உள்ளளவும் இன்ன விளக்கு எரிய வேண்டும் என்பது போன்றது, கல்லுக்குப் போயிற்று. ஆண்டுதோறும் ஆள் மாறும், அளவு மாறும் நடைமுறை ஓலையில் நின்றது. எது மாறும், எது மாறாது என்று எழுதத் தொடங்குமுன் பிரித்துக்கொள்வது ஆவணத் திட்டத்தின் முதல் வேலை. இதைச் செய்யாத திட்டங்களில் தொலைபேசி எண்ணும் பாதுகாப்பு விதியும் ஒரே பக்கத்தில் அச்சாகி, எண் மாறிய அன்று விதியின் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது.

கல்லுக்குப் போகும் சொல் எத்தனை கைகளைக் கடந்தது என்பதைச் சோழர் ஆட்சி ஆவணங்களே காட்டுகின்றன. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டுக் குறிப்பவர் திருவாய்க்கேள்வி எனப்பட்டார். அதை ஓலையில் வரைபவர் திருமந்திர ஓலை. வரைந்ததைச் சரிபார்த்து ஒப்புபவர் திருமந்திர ஓலைநாயகம். அதன்பின் வரி நிர்வாகத்தைக் கவனித்த புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை முதலிய பதவிப் பெயர் கொண்டோர் அதைத் தத்தம் ஏடுகளில் ஏற்றினர். ஊரார் கைக்கு ஆணை வந்து சேர்ந்ததும், நிலத்தின் எல்லையை ஒரு பெண் யானையை நடத்திச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அதற்குப் பிறகே சாசனம் முடிவுற்றது. அரண்மனையில் எழுதியது வயலில் மெய்யாக இருக்கிறதா என்று ஊரறிய நடந்து பார்த்த அந்தச் சுற்றை, மேசையில் அமர்ந்தபடியே ஒப்புதல் முத்திரை இடப்படும் இன்றைய கையேடுகளோடு வைத்துப் பார்த்தால், யானையின் செலவு வீண்செலவாகத் தோன்றாது.

கல் அழிவற்றது என்ற எண்ணத்துக்கும் அக்காலத்தவர் இடம் கொடுக்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் கருவறையை இடித்துப் புதிதாகக் கட்ட, முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 அளவில், ஆணையிட்டபோது, பழைய சுவர்களிலிருந்த கல்வெட்டுகளை இடிக்குமுன் ஏட்டில் படியெடுத்து வைக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. கோயில் எழுந்தபின், இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அவை புதிய சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. சுமார் 13 ஆண்டுகள் அந்த உரிமைகள் அனைத்தும் ஓலையில் மட்டுமே உயிரோடிருந்தன. ஆணையிட்ட அரசன் அதற்குள் காலமாகியும்விட்டான். தகவலை ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திட்டங்களில் வழக்கமாக நேர்வது, பழையதை இடித்த பிறகு நகல் எங்கே என்று தேடுவதும், திட்டத்தைத் தொடங்கியவர் மாறியதும் அது கைவிடப்படுவதும் ஆகும். இவ்விரண்டும் திருமழபாடியில் நேரவில்லை என்பதற்கு, அந்தக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் அதை நம்பி வாழ்ந்த ஒரு குடியோ ஒரு விளக்கோ இருந்தது காரணமாகலாம்.

ஓலைக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. அது செல்லரிக்கும், நுனி முறியும், ஆகவே நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் படியெடுத்தாக வேண்டும்; படியெடுத்த பின் நைந்த பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் தமிழ்நாடெங்கும் இருந்தது. முந்தைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்வது ஆலைகளில் இன்றும் விதி. பழைய பிரதி தவறான கையில் சிக்கிவிடக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் பழையது போய்விட்டால், படியெடுத்தவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று ஒப்பிட வழியின்றிப் போகிறது. ஒழுகை ஆராய்வோருக்குப் பெரிய இடர்ப்பாடு இதுதான்.

ஆவணம் முழுவதுமாகத் தோற்ற ஒரு தருணமும் ஒழுகிலேயே பதிவாகியிருக்கிறது. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தை அடைந்தபோது, உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை உலகாசிரியர் உள்ளிட்ட ஒரு கூட்டம் தெற்கு நோக்கிச் சென்றது. அவர் வழியிலேயே பரமபதம் அடைய, திருமேனி பல ஊர்களைக் கடந்து, திருமலையில் நெடுங்காலம் தங்கி, விசயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் சக ஆண்டு 1293-இல், அதாவது 1371-இல், திரும்பிற்று. இதைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு கோயிலில் உள்ளது. இடையில் 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் வேறொரு திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டில் இருந்தது. வந்தது பழையதா, இருந்தது பழையதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய பழைய நாளினர் எவரும் எஞ்சவில்லை. கைங்கரியங்களின் வரிசையையும் மரியாதைகளின் அளவையும் அத்தனை நுணுக்கமாகப் பேணிய ஒரு கோயில், இந்த ஐயத்தை ஓலையைக் கொண்டு தீர்த்ததாக அதன் ஒழுகே சொல்லவில்லை.

தீர்த்தவர் ஓர் ஈரங்கொல்லி, அதாவது கோயில் துணிகளை வெளுப்பவர். முதுமையால் பார்வை இழந்தவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தமக்குக் கொடுத்தால் தாம் அடையாளம் சொல்வதாக அவர் கூற, அவ்வாறே செய்யப்பட்டது. வெளுக்கக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்தத் தீர்த்தத்தைப் பருகி வந்த நாக்குக்கு, கஸ்தூரியின் மணம் எந்த ஆடையில் இருந்தது என்பது தெரிந்தது. இவரே நம்முடைய பெருமாள் என்று அவர் சொன்னதால் உற்சவருக்கு நம்பெருமாள் என்ற பெயர் வழங்கலாயிற்று என்பது மரபு. இந்நிகழ்ச்சி இப்படியே நடந்ததா என்பது வரலாற்று ஆய்வுக்குரியது. ஆனால் ஓர் ஆவணமே தன் போதாமையை இவ்வளவு வெளிப்படையாகத் தன் பக்கத்தில் எழுதிவைத்திருப்பது அரிது. எழுதத் தெரிந்த எந்தக் கொத்தையும் ஆராய்ச்சிக்கு அழைக்காமல், பணி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒருவரின் நாக்கைச் சான்றாக ஏற்றுக்கொண்டதை, அந்த அடுக்கைக் காத்தவர்களே பதிவு செய்திருக்கின்றனர். திருமேனியின் உயரத்தையும் எடையையும் முன்னரே யாரேனும் குறித்து வைத்திருந்தால் அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார் என்று ஒரு பொறியாளர் சொல்லக்கூடும், அது சரியே. எவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்பது, அவை தொலைந்த பிறகுதான் தெரியவருகிறது என்பதும் சரியே.

இத்தனை இடையூறுகளுக்குப் பிறகும் ஒழுகு பிழைத்ததற்குக் காரணம், அதன் வாசகர்கள் அதைச் சார்ந்திருந்தார்கள் என்பதே. முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, பிரசாதத்தில் எத்தனை பங்கு என்பதெல்லாம் அதில் இருந்தன. அது தொலைந்தால் ஒரு குடும்பத்தின் சோறும் மானமும் சேர்ந்தே தொலையும். எனவே படியெடுக்க யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. அதே காரணம் அதைக் கெடுக்கவும் செய்தது. உரிமை பெறுபவரே படியெடுப்பவராகவும் இருக்கையில், தம் முன்னோர்க்கு ஒரு மரியாதை கூடுதலாகச் சேர்வதும், பகைக் குடும்பத்தின் பெயர் ஒரு வரியில் உதிர்ந்துபோவதும் எளிது. குடும்பத்துக்கொரு பிரதி, பிரதிக்கொரு வேறுபாடு என்று ஆனதும் அதனாலேயே. சுவரில் நின்ற கல்வெட்டு, யாருடைய வீட்டுப் பரணிலும் இல்லாமல் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தமையால், இந்தச் சாய்வுக்கு ஓரளவு தடையாயிற்று. பயன்படுத்துவோர் எழுதும் ஆவணம் வாழும், ஆனால் சாயும். வெளியார் எழுதும் ஆவணம் நேராக நிற்கும், ஆனால் யாரும் தொடமாட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையே அலையாத ஆவணத் திட்டம் இல்லை.

வெளியார் எழுதியதற்கு எடுத்துக்காட்டும் இதே மாவட்டத்தில் கிடைக்கிறது. லூயிஸ் மூர் 1878-இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு, ஓர் ஆட்சிப் பணியாளர் தன் விருப்பத்துக்கேற்ப விரித்தும் சுருக்கியும் எழுதியது; ஹெமிங்வே 1907-இல் வெளியிட்ட கெசட்டியரோ சென்னை மாகாணம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அதிகார வரிசைக்கு உட்பட்டது. பொது வரிசையால் மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிடும் வசதி கிடைத்தது. அதே வரிசையால், காவிரிதான் எல்லாமாக இருக்கும் ஒரு மாவட்டத்திலும் ஆறு ஒரு தனி அதிகாரமாக நிற்க இயலாமல், வேளாண்மையோடு சேர்ந்த பாசனமாக அடங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து தஞ்சாவூர்ச் சாலையில் கிழக்கே சென்றால் திருவெறும்பூர், கைலாசபுரம், துவாக்குடி என்று இன்னொரு வகை ஆவண உலகம் தொடங்குகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1965-இல் அங்கே தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, ஊர்வழக்கில் பெல், தன்னைச் சுற்றிலும் எத்தனையோ சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகளை உருவாக்கிற்று. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கே அமைந்தது. அனல்மின் நிலையப் பாய்லர் என்பது பல கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் எஃகுக் குழாய்களும் ஆயிரக்கணக்கான பற்றவைப்பு இணைப்புகளும் சேர்ந்தது. அவற்றில் ஒன்று பழுதானாலும் மொத்த யூனிட்டும் நிற்கும். அதனால் இங்கே உற்பத்தியாகும் எஃகைக் காட்டிலும் காகிதம் அதிகம் என்று பட்டறைகளில் கேலி பேசுவதுண்டு.

அந்தக் காகிதத்தின் வேர் ஹீட் நம்பர். எஃகு ஆலையில் ஒரே உலையில் ஒரே முறை உருக்கி வார்த்த தொகுதிக்கு ஒரு ஹீட் என்று பெயர். அதற்கு இடப்படும் எண்ணும், அதன் வேதியியல் சேர்க்கையையும் வலிமைச் சோதனை முடிவுகளையும் கூறும் சான்றிதழும், பட்டறை மொழியில் டி.சி., பொருளோடு சேர்ந்தே பட்டறைக்கு வருகின்றன. ஒரு குழாயை இரண்டாக வெட்டுவதற்கு முன், எண் இல்லாமல் போகப்போகும் பாதியில் அந்த எண்ணைப் பஞ்ச்சும் சுத்தியும் கொண்டு பதித்த பிறகே வெட்ட வேண்டும் என்பது விதி. சின்ன வேலைதான், ஆனால் நாளின் கடைசி மணியில், அவசரத்தில், முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பதிக்கலாம் என்று தோன்றும் கணத்தில்தான் சங்கிலி அறுகிறது. வெட்டிய இரண்டு துண்டுகளும் கண்ணுக்கு ஒன்றே. 2.25 விழுக்காடு குரோமியம் உள்ள டி-22 குழாயும் 9 விழுக்காடு குரோமியம் உள்ள டி-91 குழாயும் தரையில் கிடக்கும்போது எந்த மூத்த வெல்டராலும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாதவை. ஆனால் பின்னதைப் பற்றவைக்குமுன் சுமார் 200 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, பற்றவைத்தபின் 750 பாகையை ஒட்டிய வெப்பத்தில் குறித்த நேரம் வைத்து ஆற்ற வேண்டும், இல்லையேல் இணைப்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். எந்தக் குழாய் எது என்பதை நாக்கால் சொல்லக்கூடிய ஈரங்கொல்லி இத்தொழிலில் இல்லை. அந்தப் பஞ்ச் குறியே எல்லாம்.

பாய்லருக்கென்று சட்டம் ஏற்பட்டதும் விபத்தின் வழியாகவே. 1863-இல் கல்கத்தாவில் நேர்ந்த வெடிப்புக்குப் பிறகு வங்காளத்தில் 1864-இல் ஒரு சட்டமும், பின்னர் நாடு முழுவதற்குமாக 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டமும், அதன்கீழ் 1950-இல் ஐ.பி.ஆர். எனப்படும் விரிவான விதிகளும் வந்தன; 2025-இல் புதிய சட்டம் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இவ்விதிகளில் ஆவணம் பற்றிய ஓர் ஏற்பாடு தனியே குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பாய்லருக்கும் ஒரு பதிவெண் உண்டு; அது பாய்லரின் உடலிலேயே நிலையாகப் பொறிக்கப்பட வேண்டும். அதன் பிறப்பும் சோதனைகளும் பழுதுகளும் பதிவுப் புத்தகத்திலும் ஆய்வுக் குறிப்புப் புத்தகத்திலும் ஏறிக்கொண்டே வரும். பாய்லர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனால், அப்புத்தகங்களும் அந்த மாநிலத்துத் தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சேர வேண்டும். உடலில் அடையாளம், உடலோடு சேர்ந்து நகரும் ஏடு என்ற இரண்டும் 1323-இல் தெற்கு நோக்கிப் போன கூட்டத்திடம் இருந்திருந்தால் 1371-இன் குழப்பத்துக்கு இடமிருந்திருக்காது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும், எழுதுவதைத் திட்டமிடும் விதத்தில் ஒரு கோணல் நிலைத்துவிட்டது. ஒப்பந்தங்களில் கடைசித் தவணைப் பணத்தின் ஒரு பகுதி, இறுதி ஆவணங்களை ஒப்படைத்த பிறகே தரப்படும் என்ற நிபந்தனையோடு வருவது வழக்கம். ஆவணத்தின் மீது ஒருவருக்கு அக்கறை உண்டாக வேண்டும் என்பது அதன் நோக்கம். அக்கறை உண்டாகவும் செய்கிறது, ஆனால் ஒப்படைப்பவருக்கு. கோப்பின் முதுகில் தலைப்பு இருக்கிறதா, பிரிவுக்குப் பிரிவு அட்டை செருகப்பட்டிருக்கிறதா, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்பன சரிபார்க்கப்பட்டு, பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிப் பணம் கைக்கு வந்ததும், அவருடைய பசி அடங்கிவிடுகிறது. பெட்டிகளைப் பெற்றவரோ அவற்றை அலமாரியில் அடுக்கிப் பூட்டுகிறார். ஒழுகில் பசி வாசிப்பவரிடம் இருந்தது. இங்கே அது இடம் மாறிவிட்டது. எழுதத் தொடங்கும் நாளிலேயே, யார் இதைத் திறப்பார், எந்த நேரத்தில், எந்த மொழியில் என்று கேட்டுத் திட்டம் வகுப்பது அரிதாகவே நிகழ்கிறது. பற்றவைப்பு முறைக் குறிப்பு, டபிள்யூ.பி.எஸ்., வேலை நடக்கும் இடத்தில் வெல்டருக்குக் கிடைக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. அதன்படி அது பட்டறைத் தூணில் ஆங்கிலத்தில் தொங்குகிறது, வெல்டருக்கு அதைச் சூப்பர்வைசர் தமிழில் வாயால் சொல்கிறார், இப்போது பல பட்டறைகளில் இந்தியிலும்.

பாய்லர் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு மின்நிலையத்தில் நள்ளிரவில் ஒரு குழாய் வெடிக்கிறது. யூனிட்டை நிறுத்தி, உள்ளே இறங்கும் அளவுக்கு ஆறவைத்து, வெடித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே தரத்திலான ஒரு சிறு துண்டை அங்கே பொருத்திப் பற்றவைக்க வேண்டும். எந்தத் தரம் என்பதற்குப் பூட்டிய அலமாரியைத் திறந்து, குழாய்களின் தரம் எங்கெங்கே மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். அதுவரை கைலாசபுரத்தில் எழுதியது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் புதிதாகப் பொருத்திய துண்டின் ஹீட் நம்பர், அதைப் பற்றவைத்த வெல்டரின் குறி, அது எத்தனை மணி நேரம் எந்த வெப்பத்தில் ஆற்றப்பட்டது என்ற விவரம் ஆகியவை ஷிப்ட் லாகில் இரண்டு வரியாக நின்றுவிடுகின்றன. வரைபடத்தைத் திருத்துவது வடிவமைத்தவர் பொறுப்பா, நடத்துபவர் பொறுப்பா, பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் பொறுப்பா என்பது எந்த ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதப்படுவதில்லை. ஆறேழு ஆண்டுகளில் இத்தகைய துண்டுகள் ஒரு பாய்லருக்குள் பல சேர்ந்துவிடுகின்றன, வரைபடத்திலோ முதல் நாள் இருந்த குழாய்தான் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை அதே இடத்தில் குழாய் வெடித்தால், அங்கே ஏற்கெனவே ஒரு துண்டு இருக்கிறது என்பது, அந்த இரவில் உள்ளே இறங்கியவர்களில் யாரேனும் இன்னும் அந்நிலையத்தில் வேலையில் இருந்தால் தெரியும்.